மர்மரா கரையோரமாக, இ-11ஐத் தேடி

சனி, இஸ்தான்புல்

முதல் உலகப் போர். 1915 மே 25, செவ்வாய்க்கிழமை மதியம். தோஃபானே கரையில் நின்றிருந்த ‘ஸ்தாம்பூல்’ என்ற கப்பலின் விலாவில் டார்ப்பிடோ ஒன்று வந்து வெடித்தது. ஆட்டோமான் பேரரசின் தலைநகர், சுல்தானின் பழைய அரண்மனைக்கு எதிர்க்கரை. அங்கே வந்து அடித்துவிட்டுப் போனது ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கி. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, எண்தான்: இ-11.

இப்போது அந்தக் கரைக்குக் கலாட்டாபோர்ட் என்று பெயர். சொகுசுக் கப்பல் ஒன்று வந்து நின்றுவிட்டால் கடலே தெரியாது. இன்று இரண்டு நின்றன. நானும் சித்தப்பாவும் கடைகளைச் சுற்றிக்கொண்டு போய், இரண்டு கப்பலுக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் பாஸ்பரஸைப் பார்த்தோம்.

சித்தப்பாவுக்கு ஊர் தூத்துக்குடி. சரக்குக் கப்பல்களில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கருங்கடலில் கோதுமை ஏற்றப் போகும் கப்பல்களில் எத்தனையோ தடவை இந்த வழியே கடந்திருக்கிறார். ஊரைப் பார்த்ததில்லை. ஜலசந்தி தாண்டும்போது இன்ஜின் ஸ்டாண்ட்-பையில் இருக்கும், சீஃப் கீழே கண்ட்ரோல் ரூமில்தான் இருக்க வேண்டும். “மேல நிக்கவன் போன்ல சொல்லுவான், சார் அரண்மனை தெரியுது, மசூதி தெரியுதுன்னு. எனக்கு இங்க டெம்பரேச்சர் கேஜ்தான் தெரியும்.” அதனால்தான் இந்தப் பயணமே. நீர்மூழ்கி என் பைத்தியம், கரை அவருடைய பாக்கி.

அன்று நடந்ததற்கு வருகிறேன். தளபதி லெப்டினன்ட் கமாண்டர் மார்ட்டின் நாஸ்மித், வயது 32. சராய்புர்னு முனையைச் சுற்றி உள்ளே வந்து இரண்டு டார்ப்பிடோ விட்டார். ஒன்று தறிகெட்டு வட்டமடிக்க ஆரம்பித்தது. விட்டவருக்கே அதைக் கண்டு விலக வேண்டிய நிலை. மற்றது ‘ஸ்தாம்பூல்’ மேல் பட்டது. வெடித்ததை நின்று பார்க்க நேரமில்லை. பாஸ்பரஸின் நீரோட்டம் நீர்மூழ்கியைத் தூக்கித் திருப்பியது. அடித்தரையில் முட்டி, எழும்பி, மறுபடி முட்டியது. திசை தெரியாமல் கன்னிக் கோபுரத்துக்குப் பக்கத்து மேட்டில் உரசியிருப்போம் என்று பிறகு நாஸ்மித் கணித்தார். அந்தக் கோபுரம் எங்களுக்கு எதிரே இருந்தது. இன்று அதில் ஒரு கல்யாணப் புகைப்படக் குழு.

கப்பல் சேதத்தோடு தப்பியது. நகரம்தான் கலங்கிப்போனது. கடைகளை அடைத்தார்கள், பிரிட்டிஷ் படைகள் கரையிறங்கியிருந்த கலிப்போலித் தீபகற்பத்துப் போர்முனைக்குக் கிளம்ப ஏறியிருந்த வீரர்களைக் கப்பலிலிருந்து திரும்ப இறக்கினார்கள்.

நம் ஊர்க் கதை ஒன்றும் இதே கரையில் வந்து முடிகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் வந்து சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது எல்லாருக்கும் தெரியும். உயர் நீதிமன்றச் சுவரில் கல்வெட்டே இருக்கிறது. அதே நாள் காலையில் வட கடலில் யு-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் மூழ்கடித்தது. 1,400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நீர்மூழ்கி என்றால் பொம்மை என்று நினைத்துக்கொண்டிருந்த கடற்படைகள் அன்றுதான் விழித்தன. நமக்கு எம்டன் மட்டும் நினைவில் நின்றது. அந்த எம்டன் நவம்பரில் கோகோஸ் தீவருகே அழிந்தபோது, கரையிறங்கியிருந்த குழு ஒன்று முதல் அதிகாரி முக்கேயின் தலைமையில் பழைய பாய்மரக் கப்பல் ஒன்றில் தப்பித்து, அரேபியப் பாலைவனம் கடந்து, இஸ்தான்புல்லின் ஹைதர்பாஷா ரயில் நிலையத்தில் வந்து இறங்கியது. அதுவும் 1915 மே கடைசியில்தான், இ-11 இந்த நீரில் சுற்றிக்கொண்டிருந்த அதே நாட்களில். சென்னையைச் சுட்ட கப்பலின் ஆட்கள் அணிவகுத்து வர, எதிர்க்கரையில் டார்ப்பிடோ. கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

ஞாயிறு, தங்கக் கொம்பு

தங்கக் கொம்பு என்பது நகருக்குள் நீளும் கடல்கழி. அதன் கரையில் ஹாஸ்கோய் பகுதியில் உள்ள ரஹ்மி கோச் அருங்காட்சியகத்தில் ‘உலுச் அலி ரெய்ஸ்’ என்ற நீர்மூழ்கி கட்டிக் கிடக்கிறது. 1944இல் அமெரிக்காவில் கட்டப்பட்டு, பிறகு துருக்கிக்கு வந்தது. இ-11இன் காலத்தது அல்ல. நீளமும் தொண்ணூறு மீட்டருக்கு மேல். இ-11 வெறும் 55 மீட்டர். ஆனாலும் உள்ளே இறங்கி டீசல் இன்ஜினுக்கும் மின்மோட்டாருக்கும் நடுவே குனிந்து நடந்தால், அரைவாசி நீளத்தில் முப்பது பேர் எப்படி இருந்திருப்பார்கள் என்று உடம்புக்குப் புரிந்துவிடுகிறது. சித்தப்பா இன்ஜின் அறையைவிட்டு வெளியே வருவதாக இல்லை. காவலர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, நாப்கினில் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இந்தப் போரின் சாகசங்கள் எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் அடங்கியிருக்கின்றன.

நீர்மேல் போகும்போது டீசல், அதிகபட்சம் 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல் மைல். நீருக்குள் டீசல் ஓடாது, காற்று வேண்டும், அங்கே பேட்டரிதான். இ வகை நீர்மூழ்கி மூழ்கிய நிலையில் 5 நாட் வேகத்தில் சுமார் 65 கடல் மைல் போகும். அதாவது 13 மணி நேரம். ஏஜியன் கடலிலிருந்து மர்மராவுக்குள் வரும் வழியான டார்டனெல்ஸ் ஜலசந்தியின் நீளம் 61 கிலோமீட்டர், கடல் மைலில் 33. “அப்ப தாராளமாப் போலாமேன்னு நினைப்ப. ஆனா மேல்தண்ணி எதிர்த்து வருதுல்லா? ரெண்டு நாட்டுன்னு வை, நீ தரைக்கு மேல போறது மூணுதான். பதினோரு மணி நேரம். கையில ரெண்டு மணி நேரத்து பேட்டரி மிச்சம். அதுக்குள்ள எவனாச்சும் துரத்துனா வேகமெடுக்கணும். வேகமெடுத்தா பேட்டரி போயிரும், புள்ள.”

ஆகவே முதல் பகுதியை இருட்டில், சர்ச்லைட்டுகளுக்குத் தப்பி நீர்மேலேயே ஊர்ந்து கடப்பார்கள். விடிவதற்குச் சற்று முன் மூழ்குவார்கள். நடுவில் சுமார் பத்து வரிசைக் கண்ணிவெடிகள்; அவற்றுக்குக் கீழே, எண்பது தொண்ணூறு அடி ஆழத்தில். இடையிடையே வழி பார்க்கப் பெரிஸ்கோப்பை நீட்ட மேலே வர வேண்டும்; நீட்டினால் இரண்டு கரையிலிருந்தும் சுடுவார்கள். அப்படித்தான் 1915 மே 19 அன்று இ-11 உள்ளே நுழைந்தது.

இன்னொரு வேடிக்கை. இ-11 இந்த ஊருக்குள் வருவதற்கு முப்பது வருடம் முன்பே இந்த ஊரில் நீர்மூழ்கி இருந்தது. 1886இல் இங்கிலாந்திலிருந்து துண்டு துண்டாக வந்து, இதே தங்கக் கொம்பில் தாஷ்கிசாக் பட்டறையில் கோத்த ‘அப்துல்ஹமித்’. நீராவியில் ஓடியது. மூழ்கும் முன் உலையை அணைக்க வேண்டும். டார்ப்பிடோவை விட்டதும் எடை குறைந்து மூக்கு ஆடும். ஆனாலும் நீருக்கடியிலிருந்து டார்ப்பிடோ விட்டு ஒரு கப்பலை மூழ்கடித்துக் காட்டிய முதல் நீர்மூழ்கி என்ற பெயர் அதற்குத்தான். அப்புறம் யாரும் சீண்டவில்லை, பட்டறையிலேயே துருப்பிடித்தது. 1915இல் தேவைப்பட்டபோது எடுத்துப் பார்த்தார்கள், தேறவில்லை.

திங்கள், தெகிர்தாவ் வழியாக கெலிபோலு

பேருந்தில் ஏறியதும் உதவியாளர் கையில் எலுமிச்சை வாசனைக் கொலோன் ஊற்றினார். சித்தப்பா அதைத் தீர்த்தம் மாதிரி வாங்கித் தலையில் தடவிக்கொண்டார். இடது பக்க ஜன்னல் கேட்டு வாங்கியது வீண்போகவில்லை. வழி நெடுக மர்மரா கூடவே வந்தது.

மர்மரா ஒரு சின்னக் கடல். இரண்டு முனையிலும் ஜலசந்தி. உள்ளே வந்துவிட்ட நீர்மூழ்கிக்கு ஒளிய இடம் குறைவு, ஆனால் அதைத் தேடுகிறவர்களுக்கும் கருவி ஒன்றும் கிடையாது. சோனார் எல்லாம் பின்னால் வந்தது. நாஸ்மித் வந்ததும் முதலில் செய்த வேலை, சின்னப் பாய்மரப் படகு ஒன்றைப் பிடித்து இ-11இன் பக்கத்தில் கட்டிக்கொண்டது. தூரத்திலிருந்து பார்த்தால் படகு மட்டும்தான் தெரியும். அப்படியே பகலில் பேட்டரி சார்ஜ் செய்தார்கள்.

23ஆம் தேதி இஸ்தான்புல்லுக்கு வெளியே ‘பெலெங்கி தெர்யா’ என்ற பீரங்கிப் படகை மூழ்கடித்தார்கள். மூழ்கிக்கொண்டிருந்த அந்தப் படகின் பீரங்கிக்காரர் விடவில்லை, கடைசியில் ஒரு குண்டு விட்டார். அது இ-11இன் இரண்டு பெரிஸ்கோப்பில் ஒன்றைத் துளைத்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான்.

மறுநாள் நடந்தது சினிமா. ‘நகரா’ என்ற சின்ன நீராவிக் கப்பலைத் துப்பாக்கி சுட்டு நிறுத்தினார்கள். பயந்துபோன மாலுமிகள் உயிர்காப்புப் படகுகளை அவசரமாக இறக்கிக் கவிழ்த்துவிட்டார்கள். மேல்தளத்தில் ஒரு வெள்ளைக்காரர் மட்டும் நிதானமாக வந்து நின்று, தான் சிகாகோ டெய்லி நியூஸ் நிருபர் ஸ்விங் என்று அறிமுகம் செய்துகொண்டார். அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு. கலிப்போலிப் போரைப் பார்த்து எழுதக் கிளம்பியவர், தன் காலுக்கடியில் கப்பலின் வயிற்றில் பீரங்கியும் குண்டுகளும் இருப்பது தெரியாமலே பயணம் செய்துகொண்டிருந்தார். எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு இரண்டாம் அதிகாரி டாய்லி-ஹியூஸ் ஏறி வெடிவைத்தார். ரேமண்ட் ஸ்விங் பிற்காலத்தில் அமெரிக்க வானொலியில் பெரிய ஆளானார்.

அன்றே இன்னொரு கப்பல் துரத்தலுக்குத் தப்பி ரொடோஸ்டோ துறைக்குள் ஓடியது. கரையோடு ஒட்டி நின்றதை அங்கேயே டார்ப்பிடோவால் அடித்தார்கள். ரொடோஸ்டோதான் இன்றைய தெகிர்தாவ். பேருந்து அரைமணி நின்றது. கோஃப்தே சாப்பிட்டோம், துறையை எட்டிப் பார்த்தோம். மூன்றாவதாக ஒரு கப்பல், மாட்டிக்கொள்ளாமல் இருக்கத் தானே தரைதட்டி ஏறிக்கொண்டது. நெருங்கிப் போனபோது, குன்றின்மேல் குதிரைப்படை வந்து துப்பாக்கியால் சுட, நீர்மூழ்கி பின்வாங்கியது. குதிரைவீரர்கள் ஒரு நீர்மூழ்கியை விரட்டியடித்த சண்டை உலகத்தில் வேறெங்காவது நடந்திருக்குமா?

டார்ப்பிடோ விலையுயர்ந்த சாமான், உள்ளே வந்துவிட்டால் புதிதும் கிடைக்காது. அதனால் நாஸ்மித் ஒரு காரியம் செய்தார். குறி தவறிய டார்ப்பிடோ ஆபத்தில்லாததாகிவிட வேண்டும் என்பது 1907 ஹேக் ஒப்பந்த விதி; அதனால் தானாக மூழ்கும்படி வைப்பது வழக்கம். அவர் தன்னுடையதை ஓடி முடித்ததும் மிதக்கும்படி மாற்றி வைத்தார். தவறியதைத் தேடிப் பிடித்து, நீந்திப் போய் வெடிமுனையைக் கழற்றி, பின்பக்கக் குழாய் வழியாக உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஆங்கிலப் புத்தகங்கள் இதைச் சமயோசிதம் என்று புகழும். எதிரி செய்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மதியத்துக்கு மேல் போலாயிர். தீபகற்பத்தின் கழுத்து இது. நிலம் இங்கே அவ்வளவு குறுகல், ஒரு மேட்டில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். போரில் இ-11 செய்த பெரிய வேலை புரிய வேண்டுமானால் தோஃபானேயைவிட இங்கேதான் வந்து நிற்க வேண்டும். இஸ்தான்புல்லிலிருந்து கலிப்போலிக்குக் கடல்வழி ஓர் இரவுப் பயணம். நீர்மூழ்கி பயம் வந்ததும் படைகளை ரயிலில் உசுன்கோப்ரு வரை கொண்டுபோய், அங்கிருந்து பல நாள் நடக்கவிட்டார்கள். உணவும் குண்டும் மாட்டு வண்டியிலும் ஒட்டகத்திலும் பின்னால் வந்தன. மூழ்கிய கப்பல்களைவிடத் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பாத கப்பல்கள்தான் கணக்கில் பெரியவை. ஆகஸ்டில் இரண்டாம் தடவை வந்தபோது இ-11க்கு மேல்தளத்தில் பீரங்கியும் பொருத்தியிருந்தார்கள். 7ஆம் தேதி இ-14 என்ற இன்னொரு பிரிட்டிஷ் நீர்மூழ்கியுடன் சேர்ந்து, இந்தச் சாலையில் நடந்து வந்துகொண்டிருந்த படைகளைக் கடலிலிருந்து சுட்டார்கள்.

மறுநாள், ஆகஸ்ட் 8 விடியலில், இந்தக் கரைக்கு எதிரே ‘பார்பரோஸ் ஹைரெத்தின்’. 1891இல் ஜெர்மனியில் நீரில் இறங்கி, 1910இல் துருக்கி விலைக்கு வாங்கிய பழைய போர்க்கப்பல். தீபகற்பத்தின் ஏஜியன் கரையில் உள்ள சுவ்லாவில் பிரிட்டிஷார் புதிதாகக் கரையிறங்கியதால் அவசரமாகக் குண்டுகளை ஏற்றிக்கொண்டு போனது. ஒரே டார்ப்பிடோ. சில நிமிடங்களில் கவிழ்ந்தது. இருநூற்றைம்பது பேர் அளவில் போனார்கள். “நிலக்கரிக் கப்பல். கீழ உலைக்கு அள்ளிப் போட்டுக்கிட்டிருந்தவன் ஏணிக்குக்கூட வந்திருக்க மாட்டான்” என்றார் சித்தப்பா. அதற்குப் பிறகு கெலிபோலு வரும்வரை பேசவில்லை.

செவ்வாய், ஜலசந்தி

கெலிபோலு துறையில் உள்ள கல் கோபுரம் இப்போது பீரி ரெய்ஸ் அருங்காட்சியகம். 1513இல் உலக வரைபடம் வரைந்தவருக்கு ஊர் இது. அழகான ஊர், நல்ல மீன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி அல்ல.

எஜெயாபாத்துக்குப் போகும் வழியில் எதிர்க்கரையில் நாரா முனை நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். ஜலசந்தி அங்கே ஒடிந்து திரும்புகிறது. 1915 கோடையில் அந்த இடத்தில் கரைக்குக் கரை எஃகு வலை கட்டினார்கள். ஆள் உயரத்துக்கும் மேலான கண்கள், தடித்த கம்பி, இருநூறு அடிக்கும் கூடுதலான ஆழம். ஆகஸ்டில் இ-11 அதில் முழு வேகத்தில் போய் முட்டி, கம்பி அறும்வரை தள்ளி, கிழித்துக்கொண்டு போனது. செப்டம்பர் 4 அன்று வந்த இன்னொரு பிரிட்டிஷ் நீர்மூழ்கி இ-7க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. புரொப்பெல்லரில் வலை சுற்றிக்கொண்டது. மணிக்கணக்கில் முன்னும் பின்னும் இழுத்தும் விடவில்லை. சனக்கலேயில் அப்போது யூபி-14 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி நின்றிருந்தது. அதன் தளபதி ஹைம்பர்க் துடுப்புப் படகில் வந்து, தூண்டில் போடுவதுபோல் ஆழம் பார்த்து, கயிற்றில் வெடியை இறக்கினார். இ-7இன் ஆட்கள் மேலே வந்து சரணடைந்தார்கள்.

கிலித்பஹிர் கோட்டைச் சுவரடியில் உட்கார்ந்து நீரோட்டத்தைப் பார்த்தோம். அகலம் இங்கே 1.2 கிலோமீட்டர்தான். எதிரே சனக்கலேயின் ஜன்னல் கம்பிகூடத் தெரிகிறது. நீர் ஏஜியனை நோக்கி இழுக்கிறது, மேல்பரப்பு மட்டும். கருங்கடல் பக்கமிருந்து வரும் உப்புக் குறைந்த இலகுவான நீர் அது. அடியில், மத்தியதரைக் கடலின் கனத்த உப்புநீர் எதிர்த்திசையில் உள்ளே போகிறது. நீர்மூழ்கிக்காரர்களுக்கு இது பெரிய தொல்லை. இலகு நீருக்குச் சரியாக எடை கட்டி மூழ்கினால், கனத்த நீரைத் தொட்டதும் மேலே தூக்கிவிடும். கூடுதல் நீர் ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் திடீரென்று அடிவரை போகலாம். பிறகு இதையே வசதியாக்கிக்கொண்டார்கள்: கனத்த நீரின் முதுகில் மோட்டாரை நிறுத்திவிட்டுப் படுத்து, பேட்டரியை மிச்சம் பிடித்தார்கள்.

ஜூன் 7, இ-11 முதல் பயணம் முடித்துத் திரும்பிய நாள். இன்ஜின் பக்கம் கோளாறுகள் சேர்ந்துவிட்டன, திரும்பியே ஆக வேண்டும். ஆனால் டார்ப்பிடோ மிச்சம் இருந்தது. கீழே ஜலசந்தியில் போர்க்கப்பல் ஏதாவது மாட்டும் என்று நாஸ்மித் சேமித்து வந்தார், ஒன்றும் காணோம். உடனே பாதி ஜலசந்தியைக் கடந்த பிறகு திரும்பவும் மேலே போய், வழியில் பார்த்து வைத்திருந்த படைக்கப்பல் ஒன்றை அடித்துவிட்டு மறுபடி இறங்கினார். கிலித்பஹிர் பக்கம் வந்தபோது, இரண்டு நீர் சேரும் இடத்தில் நீர்மூழ்கி நிலைகுலைந்து ஆழத்துக்கு விழுந்தது. சமாளித்து எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அடிவயிற்றில் உரசும் சத்தம். தரைதட்டும் ஆழம் அல்ல. நாஸ்மித் பெரிஸ்கோப்பை நீட்டிப் பார்த்தார். இருபதடி முன்னால் ஒரு கண்ணிவெடி, கூடவே வந்துகொண்டிருந்தது. இடதுபக்கத் துடுப்புத் தகட்டில் அதன் நங்கூரக் கம்பி மாட்டியிருந்தது.

மேலே வந்து கழற்ற முடியாது. இரண்டு கரையிலும் பீரங்கி. பெரிஸ்கோப்பை இறக்கினார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சுமார் ஒரு மணி நேரம் அதை இழுத்துக்கொண்டே வந்து, ஜலசந்தியைவிட்டு வெளியேறிய பிறகு, முகப்பு கீழேயும் வால் மேலேயுமாகப் படகைச் சாய்த்து, முழு வேகத்தில் பின்னால் ஓட்டினார். கம்பி வழுகிக் கண்ணிவெடி கழன்று போனது. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் அவருக்குக் கிடைத்தது.

இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை படித்துச் சிலிர்த்திருக்கிறேன். இன்று சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது.

“சொல்லலியா? கீழ மோட்டார் பாக்குறவன்கிட்டக்கூடவா?”

“பயந்துருவாங்கன்னுதான், சித்தப்பா.”

“பயந்தா பயப்படட்டும். அவன் கை சரியா வேகத்தைப் பிடிச்சதாலதான அந்தக் கம்பி ஆடாம வந்துச்சு? முப்பது பேர்ல ஒருத்தனுக்குத்தான் கண்ணு. மத்தவன் எல்லாம் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு வேலை பாத்திருக்கான். நான் அப்படி இருந்திருக்கேன், எனக்குத் தெரியும். சத்தம் மாறுனா எங்களுக்குத் தெரிஞ்சிரும். அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், சொல்லாட்டியும்.”

நான் தளபதி பக்கம் வாதாடிப் பார்த்தேன். தெரிந்து செய்ய ஒன்றும் இல்லாதபோது தெரியாமல் இருப்பதே மேல் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. படகில் சனக்கலே வந்து சேரும்வரை வாதம் ஓடியது.

புதன், சனக்கலே

சிமென்லிக் கோட்டை வளாகத்தில் கடற்படை அருங்காட்சியகம். கண்ணிவெடி போட்ட நுஸ்ரத் கப்பலின் மாதிரிதான் எல்லாரும் பார்க்க வருவது. 1915 மார்ச்சில் அது போட்ட 26 கண்ணிவெடிகள் மார்ச் 18 அன்று ஜலசந்திக்குள் நுழையப் பார்த்த பிரிட்டிஷ், பிரெஞ்சு அணியின் மூன்று பெரிய போர்க்கப்பல்களைக் கொண்டுபோயின. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் நீர்மூழ்கிகளின் வேலை பெரிதானது.

எங்களை நிறுத்தியது முற்றத்தில் கிடந்த யூபி-46இன் உடல். 1916இல் பாஸ்பரஸ் வாயருகே கண்ணிவெடியில் சிக்கிய சின்ன ஜெர்மன் நீர்மூழ்கி, 1990களில் நிலக்கரி தோண்டியபோது கிடைத்தது. துருவேறிய ஓடு. அதன் குறுக்களவைச் சித்தப்பா எட்டுவைத்து அளந்தார், தலையை ஆட்டினார்.

நீர்மூழ்கி வீரத்தை மட்டும் எழுதிக்கொண்டு போனால் கணக்கு தப்பாகும். 1915இல் மட்டும் இந்த ஜலசந்தியிலும் மர்மராவிலும் நேச நாடுகள் எட்டு நீர்மூழ்கிகளை இழந்தன. அவற்றில் நான்கு பிரெஞ்சு, ஒன்று ஆஸ்திரேலியா. முதலில் உள்ளே புகுந்து வழிகாட்டிய அந்த ஏஇ-2 ஐந்தே நாளில் அழிந்தது. பிரெஞ்சுப் படகு ‘துர்குவாஸ்’ அக்டோபர் 30 அன்று தரைதட்டிப் பிடிபட்டது. உள்ளே இருந்த காகிதங்களை அழிக்கவில்லை. இ-20 என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி எந்த இடத்தில் அதைச் சந்திக்கப் போகிறது என்று அதில் எழுதியிருந்தது. குறித்த நாளில் குறித்த இடத்துக்குப் போனது யூபி-14. இ-20இல் சிலரே பிழைத்தார்கள். பிடிபட்ட படகுக்குத் துருக்கியர் அதைச் சுட்ட பீரங்கிப்படைக் கார்ப்பரல் முஸ்தெஜிப்பின் பெயரையே வைத்தார்கள். நாம் இன்னும் அதிகாரிகள் பெயரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

வியாழன்

டிராய். நீர்மூழ்கி சம்பந்தம் எதுவும் இல்லை. வெயில்.

வெள்ளி, இஸ்மித் வளைகுடா

பர்சா, யாலோவா சுற்றி, தோப்சுலாரில் படகு ஏறி எஸ்கிஹிசாருக்கு வந்தோம். பாலம் வந்துவிட்டதால் பேருந்துகள் இந்தப் படகை விட்டுவிட்டன, லாரிக்காரர்களும் நாங்களும்தான்.

1915 ஆகஸ்ட் 20 இரவு இந்த வளைகுடாவில்தான் டாய்லி-ஹியூஸ் நீரில் இறங்கினார். இஸ்தான்புல்லையும் அனடோலியாவையும் இணைக்கும் ரயில்பாதை கரையை ஒட்டி ஓடுகிறது. மரத்தாலான சின்ன மிதவையில் வெடிமருந்து, துப்பாக்கி, கூர்தீட்டிய பயனெட், டார்ச், விசில். அவற்றைத் தள்ளிக்கொண்டு தனியாக நீந்தினார். குன்றேறிப் போனால் பெரிய பாலத்தில் காவல். அதைத் தொட முடியாது. பாதைக்கடியில் சின்னச் செங்கல் மதகு ஒன்றில் வைத்துப் பற்றவைத்தார். சத்தம் கேட்டு மூன்று காவலர்கள் துரத்த, தண்டவாளம் வழியே சுமார் ஒரு மைல் ஓடி, கடலில் குதித்தார். வெடித்த கற்கள் கால் மைலுக்கு அப்பால் நின்ற இ-11க்குப் பக்கத்தில் வந்து விழுந்தன. விசிலடித்துக்கொண்டே நீந்தியவர், விடியல் வெளிச்சத்தில் சொந்த நீர்மூழ்கியையே எதிரிப் படகுகள் என்று நினைத்துக் கரைக்குத் திரும்பி ஒளிந்தார். கடைசியில் அடையாளம் கண்டு தூக்கிப் போட்டார்கள்.

சாகசமாகப் பார்த்தால் அபாரம். ரயில் சீக்கிரமே ஓட ஆரம்பித்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 3 அன்று இதே வளைகுடாவில் ‘யார்ஹிசார்’ என்ற நாசகாரிக் கப்பலை இ-11 மூழ்கடித்தது. பிறகு தண்ணீரில் தத்தளித்தவர்களை ஏற்றி, ஒரு பாய்மரப் படகில் இறக்கிவிட்டது. மூன்று பயணங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட கலங்கள் அதன் கணக்கில். அவற்றில் பெரும்பாலானவை பாய்மரத் தோணிகள்: மாவு, எண்ணெய், விறகு. வள்ளத்தில் சரக்கு ஏற்றிப் பிழைக்கும் ஊர்க்காரர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். இவ்வளவும் செய்தும் கலிப்போலியில் பிரிட்டன் ஜெயிக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே படைகளைத் திரும்ப எடுக்க ஆரம்பித்து, 1916 ஜனவரியில் முடித்துவிட்டார்கள். இரவோடிரவாகக் கரையோரமாகப் போன தோணிகளும், நடந்தே போன படைகளும் போர்முனையைத் தாங்கிவிட்டன.

இ-11ஐ 1921இல் மால்டாவில் பழைய இரும்புக்கு விற்றார்கள். நாஸ்மித் அட்மிரல் ஆனார். டாய்லி-ஹியூஸ் 1940 ஜூன் 8 அன்று ‘குளோரியஸ்’ விமானந்தாங்கிக் கப்பலின் கேப்டனாக நார்வே கடலில் இருந்தார். மேலே ரோந்து விமானம் ஒன்றுகூட இல்லாத நேரத்தில் இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்கள் கண்டுபிடித்து அடித்தன. கூட வந்த இரண்டு நாசகாரிகளோடு சேர்த்து 1,500க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவரும் ஒருவர். அந்த முடிவுக்கு அவருடைய பிடிவாதம் எவ்வளவு காரணம் என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள். ஒற்றை ஆளாக நீந்திப் போகிறவரும் ஆயிரம் பேரை நடத்துகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. சித்தப்பா வழக்கம்போல, ராடார் இருந்ததா, பாய்லர் எத்தனை எரிந்துகொண்டிருந்தது என்று கேட்டார். ராடார் இல்லை, பாய்லர் எல்லாம் எரியவில்லை என்றேன். “அப்ப முதல்ல அதச் சொல்லு” என்றார்.

கெப்ஸேயிலிருந்து மர்மராய் ரயில். பாஸ்பரஸுக்கு அடியில் சுரங்கத்தில் போகிறது. சித்தப்பாவுக்கு அடுத்து இங்கிலாந்தில் பார்ரோ போக வேண்டுமாம், இ-11ஐக் கட்டிய விக்கர்ஸ் பட்டறை இருந்த ஊர். இன்றும் அங்கே நீர்மூழ்கிதான் கட்டுகிறார்கள் என்று நான்தான் வாயைவிட்டேன். விசா விண்ணப்பம் நிரப்பும் வேலையும் என் தலையில்தான்.